பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைபாடு: தமிழ்நாட்டில் எந்த உதவி எங்கே, எந்த வரிசையில்?

தமிழ்நாட்டில் வளர்ச்சிக் குறைபாடுள்ள ஒருவருக்கு அரசு தரும் உதவிகள் ஒரே கூரையின் கீழ் இல்லை. சிகிச்சையும் சான்றிதழும் சுகாதாரத் துறையிடம் இருக்கின்றன. உதவித்தொகை, உபகரணம், சிறப்புப் பள்ளி ஆகியவை மாற்றுத்திறனாளிகள் நலத் துறையிடம். பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதும் சிறப்பாசிரியரை அனுப்புவதும் கல்வித் துறையின் வேலை. 18 வயதுக்குப் பிறகு வேண்டிய பாதுகாவலர் சான்றைக் கலெக்டர் தலைமையிலான குழு தருகிறது. ஓரிடத்தில் பதிவானது இன்னோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. எடுத்துக்கொண்டு போவது குடும்பத்தின் ஃபைல்தான். ஃபைல் சரியாக இருக்கும் வீட்டுக்கு வேலை நடக்கிறது, இல்லாத வீடு ஒரே காகிதத்துக்கு நாலு முறை அலைகிறது.

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், இவற்றில் ஒன்றுக்கு மேல் சேர்ந்திருக்கும் பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ள பிள்ளைகளின் குடும்பங்களுக்காக எழுதியது இது. செய்யவேண்டிய வரிசையிலேயே கூடியவரை சொல்லியிருக்கிறோம்.

சான்றிதழுக்காகப் பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள்

புதிதாக வரும் பெற்றோர் முதலில் கேட்பது 'சர்டிபிகேட் எப்படி வாங்குவது?' என்பதுதான். அது இரண்டாவது வேலை. பயிற்சி தொடங்குவதற்குச் சான்றிதழும் தேவையில்லை, நோயின் பெயர் முடிவாகியிருக்கவும் தேவையில்லை. 4 மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, 9 மாதத்தில் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அதுவே மருத்துவரிடம் போகப் போதுமான காரணம். 'அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் பரிசோதனை செய்து பார்த்தபின் நிம்மதியாக இருப்பது வேறு, பார்க்காமலே ஒரு வருடத்தைக் கடத்துவது வேறு. நாக்கில் வசம்பு தேய்த்துக்கொண்டே 3 வயதைத் தாண்டிவிடும் வீடுகள் இன்னமும் இருக்கின்றன.

போகவேண்டிய இடம், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம். மருத்துவமனை ஊழியர்கள் இதை 'டி.இ.ஐ.சி.' என்பார்கள், வழி கேட்கும்போதும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் சட்டென்று புரியும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பார்க்கிறார்கள். குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்பதே இதன் ஏற்பாடு. எல்லாப் பணியிடமும் எப்போதும் நிரம்பியிருக்காது. எந்த நாளில் யார் வருவார்கள் என்று முதல் நாளே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கன்வாடிக்கு வருடத்தில் இருமுறையும் பள்ளிக்கு ஒருமுறையும் நடமாடும் மருத்துவக் குழு வரும். அவர்கள் எழுதித் தரும் பரிந்துரைச் சீட்டு இருந்தால் மையத்தில் பதிவது எளிது. சீட்டு இல்லாமல் நேராகப் போனாலும் பார்ப்பார்கள்.

வேறு எந்தப் பரிசோதனைக்கும் முன்னால் காது பரிசோதனையை முடித்துவிடுங்கள். காது கேட்காத குழந்தையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது, பேசாது. அதை ஆட்டிசம் என்று எடுத்துக்கொண்டு பயிற்சி கொடுத்தால் வருடங்கள் வீணாகும். சின்னக் குழந்தைக்குத் தூங்கவைத்து எடுக்கும் 'பெரா' பரிசோதனை இருக்கிறது. அன்று காலை குழந்தையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுப்பிவிட்டால்தான் மருத்துவமனையில் தூங்கும். இல்லாவிட்டால் இன்னொரு தேதி வாங்கிக்கொண்டு திரும்பவேண்டியிருக்கும். கண் பரிசோதனையையும் கையோடு பார்த்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் என்றால் இதய எக்கோவும் தைராய்டும் கட்டாயம்.

அரசு மையம் தவிர நீண்டகால அனுபவமுள்ள நிறுவனங்களும் இருக்கின்றன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர், தியாகராய நகரில் சிறு குழந்தைகளுக்கான மதுரம் நாராயணன் மையம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் என்று சொல்லிக்கொண்டு போகலாம். தூரத்தில் இருப்பவர்கள் ஒருமுறை போய் முழு மதிப்பீடு செய்து, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சிகளை எழுதி வாங்கி வரலாம். அன்றாடப் பயிற்சிக்கு மட்டும் பக்கத்து ஊரிலேயே ஆள் பாருங்கள். வாரம் ஒருமுறை 3 மணி நேரம் பஸ்ஸில் போய் வருவதைவிட, அரை மணி தூரத்தில் வாரம் மூன்று நாள் நடக்கும் சுமாரான பயிற்சி மேல்.

ஃபைல்

பிளாஸ்டிக் உறை வைத்த ஃபைல் ஒன்று வாங்குங்கள். முதல் உறையில் பிள்ளையின் ஆதார், பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு நகல், பெற்றோர் ஆதார். அடுத்ததில் பாஸ்போர்ட் அளவுப் படம் 10, முழு உருவப் படம் 4. முழு உருவப் படத்தை உபகரண விண்ணப்பத்துக்குக் கேட்பார்கள். அதன்பின் மருத்துவக் காகிதங்கள், பழையது மேலே, புதியது கீழே என்று தேதி வரிசையில். பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி தொலைந்திருந்தால் பிறந்த மருத்துவமனையில் நகல் கேளுங்கள். பிறந்தவுடன் அழவில்லை, வலிப்பு வந்தது, மஞ்சள் காமாலைக்கு ரத்தம் மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும். கடைசி உறை கொடுத்த மனுக்களுக்கானது. எந்த அலுவலகத்தில் எதைக் கொடுத்தாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கி அதில் போடுங்கள்.

அசலை யாரிடமும் விட்டுவிட்டு வரக்கூடாது. காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அலையவைக்கும் காரணங்களில் முதலிடம் பெயர்ப் பொருத்தத்துக்குத்தான். பிறப்புச் சான்றிதழில் 'அருண்', ஆதாரில் 'அருண் கே', மருத்துவமனைச் சீட்டில் 'கே. அருண்குமார்' என்று இருந்தால் கம்ப்யூட்டர் மூன்று பேராகவே பார்க்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஆதாரைப் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போகும்படி திருத்திக்கொள்ளுங்கள். 5 வயதுக்குள் எடுத்த ஆதாரில் கைரேகை இருக்காது. 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்கவேண்டும். கை விரியாத, கண் நிலைக்காத பிள்ளைகளுக்கு ரேகையில் விலக்களித்துப் பதியும் வசதி ஆதார் மென்பொருளிலேயே இருக்கிறது. 'ரேகை விழவில்லை, முடியாது' என்று ஆபரேட்டர் சொன்னால் அதைக் கேளுங்கள். தெரியாது என்றால் வேறு மையத்துக்குப் போங்கள்.

சான்றிதழ் நாள்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் என்பது வாசல். சான்றிதழும் யு.டி.ஐ.டி. என்ற தேசிய அடையாள அட்டையும் ஒரே விண்ணப்பத்தில் வரும். 'ஸ்வாவலம்பன்' இணையதளத்தில் நீங்களே பதியலாம், இ-சேவை மையத்திலும் பதியலாம். படம், ஆதார், முகவரிச் சான்று போதும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. 'அட்டை வாங்கித் தருகிறேன், 2,000 கொடுங்கள்' என்பவர் இல்லாத ஒன்றை விற்கிறார். அட்டையில் 18 இலக்க எண் இருக்கும், இந்தியா முழுக்கச் செல்லும். ஓரத்துப் பட்டையின் நிறம் சதவீதத்தைக் காட்டும்: 40க்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம்.

பதிந்தபின் மருத்துவமனையில் பரிசோதனை. பெரும்பாலான மாவட்டங்களில் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள்தான் இதற்கான குழு உட்காரும். அந்த நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு ஐ.க்யூ. பரிசோதனையோடு, அன்றாட வாழ்க்கையில் பிள்ளை எதையெல்லாம் தானே செய்கிறது என்று பெற்றோரைக் கேட்டு மதிப்பெண் போடும் சமூக முதிர்ச்சி அளவீடும் உண்டு. ஆட்டிசத்துக்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய ஆட்டிச அளவீடு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், கூட்டி 70 வந்தால் ஆட்டிசம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

பெற்றோர் சறுக்குவது இந்தக் கேள்விகளில்தான். 'தானே சாப்பிடுவானா?' என்று கேட்டால் அம்மா சட்டென்று 'சாப்பிடுவான் டாக்டர்' என்கிறார். உண்மையில் சாதத்தைப் பிசைந்து, உருட்டித் தட்டில் வைத்தால் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான், அவ்வளவுதான். 'பாத்ரூம் போவானா?' 'போவான்.' கூட்டிக்கொண்டு போய், டிராயரைக் கழற்றி, கழுவிவிட்டு அழைத்து வருவது அம்மா. பெருமைக்காகச் சொல்வதில்லை, தினமும் செய்து பழகியதால் தன் கை வேலை அவருக்கே கண்ணில் படுவதில்லை. கேள்வி எல்லாமே 'உதவி இல்லாமல்' என்பதைப் பற்றியது. முதல் நாள் இரவே காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எந்த வேலையில் உங்கள் கை எவ்வளவு இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கூட்டிச் சொல்லவும் வேண்டாம். நடக்கிற பிள்ளையை நடக்கமாட்டான் என்றால் குழுவுக்கு மற்றப் பதில்களிலும் நம்பிக்கை போய்விடும்.

வயிறு நிறைந்து, தூங்கி எழுந்த பிள்ளையாகக் கூட்டிப்போங்கள். வலிப்பு மாத்திரையை அன்று நிறுத்தாதீர்கள். கண்ணாடியும் காது மெஷினும் போட்டிருக்கட்டும். காய்ச்சல் என்றால் தேதியை மாற்றிக் கேளுங்கள். சோர்ந்த பிள்ளையின் மதிப்பெண் பிற்பாடு உங்களுக்கே இடைஞ்சலாக வரும். கூட்டமும் சத்தமும் தாங்காத பிள்ளை என்றால் டோக்கனை அப்பா வாங்கட்டும். அம்மாவும் பிள்ளையும் மரத்தடியில் இருந்துவிட்டு, முறை வரும்போது வரலாம். பிடித்த பொம்மை, தண்ணீர், பிஸ்கட், ஒரு மாற்று உடை.

சமூக முதிர்ச்சி அளவீட்டில் 55 முதல் 69 வரை எடுத்தால் லேசான குறைபாடு, 50 சதவீதம். 70க்கு மேல் போனால் 25 சதவீதம்தான், 40 என்ற வாசலைத் தாண்டாது. சான்றிதழைக் கையில் வாங்கியவுடன் அங்கேயே நின்று படியுங்கள். பெயர் எழுத்து, பிறந்த தேதி, சதவீதம், நிரந்தரமா தற்காலிகமா, காலாவதித் தேதி, குறைபாட்டின் பெயர். மூளை முடக்குவாதமும் அறிவுசார் குறைபாடும் சேர்ந்திருக்கும் பிள்ளைக்குக் கை கால் பகுதியை மட்டும் எலும்பு மருத்துவர் பார்த்து எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. இரண்டுக்கும் பரிசோதனை செய்து இரண்டையும் பதியச் சொல்லிக் கேளுங்கள். இதனால் உதவித்தொகையே மாறும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றிதழ்தான் தருவார்கள். காலாவதிக்கு 3 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள். சதவீதத்தில் உடன்பாடு இல்லையென்றால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்

பல மாவட்டங்களில் இது கலெக்டர் அலுவலக வளாகத்திலேயே இருக்கும். மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கவேண்டிய இடம் இதுதான். 2023இல் இது மாதம் 1,500 ரூபாயிலிருந்து 2,000 ஆனது. அறிவுசார் குறைபாட்டுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். கடும் பாதிப்பு என்ற பிரிவில் வருபவருக்கு 75 சதவீதம் வேண்டும். முன்னே சொன்ன, கை கால் பகுதியை மட்டும் பதிந்த பிள்ளை 60 சதவீதத்தோடு நின்றுவிட்டால் தொகை கிடைக்காமல் போவது இதனால்தான்.

வருவாய்த் துறை, அதாவது தாலுகா அலுவலகம் வழியாக வரும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. விவரம் தெரிந்தவர் என்று யாரோ இரண்டுக்கும் போட்டுவிடுவார்கள், பிறகு சரிபார்ப்பில் இரண்டும் நிற்கும். பராமரிப்புத் தொகை கூடுதல் என்பதால் தகுதி இருந்தால் அதையே கேளுங்கள். ஏற்கெனவே மற்றதை வாங்கிக்கொண்டிருந்தால் அதை ரத்து செய்த கடிதத்தோடு போங்கள். வேறு உதவி வாங்கவில்லை என்பதற்கு வி.ஏ.ஓ. கையெழுத்தும் கேட்பதுண்டு.

பணம் வந்துகொண்டிருந்து திடீரென நின்றால் பதற்றப்படவேண்டாம். காரணம் பெரும்பாலும் நாலில் ஒன்று. வருடாந்தர வாழ்நாள் சான்று கொடுக்கவில்லை. கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது. பல மாதம் பணமே எடுக்காமல் கணக்கு முடங்கியிருக்கிறது. நான்காவது, பிள்ளைக்கு 18 முடிந்ததும் மைனர் கணக்கை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. முதலில் வங்கிக்குப் போய்ப் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டுப் பாருங்கள். பணம் வந்து திரும்பிப் போயிருந்தால் கோளாறு வங்கியில், வரவே இல்லை என்றால் நல அலுவலகத்தில்.

இதே அலுவலகத்தில் மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கான சிறப்பு நாற்காலி, வீல்சேர் முதலியவை இலவசமாகக் கிடைக்கும். முகாமில் கிடைத்ததை அப்படியே வாங்கி வராதீர்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் இடுப்பு அகலம், தொடை நீளம், முட்டியிலிருந்து பாதம் வரை அளந்து எழுதி வாங்கிப் போங்கள். அகலமான நாற்காலியில் பிள்ளை ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்காரும். கொஞ்ச நாளில் முதுகெலும்பும் அந்தப் பக்கமே வளைய ஆரம்பிக்கும். இனாமாக வந்த நாற்காலிதான், ஆனால் பிற்பாடு அந்த முதுகை நிமிர்த்துவது இனாமாக நடக்காது.

'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் பயிற்சி, ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தரும் சேவை மையங்களைப் படிப்படியாகத் திறந்து வருகிறார்கள். உங்கள் பகுதிக்கு வந்துவிட்டதா என்று இங்கேயே விசாரியுங்கள். எழுந்து வரமுடியாத பெரியவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கே பிசியோதெரபி வரும். அதற்குக் கேட்கவேண்டியது ஆரம்ப சுகாதார நிலையத்தில்.

பள்ளிக்கூடம்

சான்றிதழ் இருக்கும் பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை பக்கத்துப் பள்ளியிலோ, பெற்றோர் விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. கல்வித் துறையில் உங்களுக்கு வேண்டிய இடம் வட்டார வள மையம். ஊர்க்காரர்கள் பி.ஆர்.சி. என்பார்கள். சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டும் அங்கிருந்துதான் பள்ளிகளுக்குப் போகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கு வந்து பயிற்சி தருவார்கள். அழைத்துச் செல்பவருக்கும் போக்குவரத்துக்கும் உதவித்தொகை உண்டு. பிள்ளையின் பெயர் பள்ளிப் பதிவேட்டில் மாற்றுத்திறனாளி என்று ஏறியிருந்தால்தான் இவை கிடைக்கும். 'முத்திரை குத்தவேண்டாம்' என்று மறைத்துச் சேர்க்கும் பெற்றோர் இவற்றையெல்லாம் இழக்கிறார்கள்.

ஹெச்.எம். 'எங்களால் பார்த்துக்க முடியாதும்மா' என்று வாய்ச்சொல்லாக மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். சேர்க்கை விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்துவிட்டு, மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தரச் சொன்ன உடனேயே பாதி இடங்களில் சேர்த்துக்கொள்வார்கள். இல்லையென்றால் முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு.

பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப் பாட விலக்கு ஆகிய சலுகைகளைப் பள்ளி மூலமாக முன்கூட்டியே அரசுத் தேர்வுத் துறையிடம் கேட்டு உத்தரவு வாங்கவேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் கொடுத்துவிடுங்கள். அரையாண்டுக்குப் பிறகு ஓடினால் மருத்துவச் சான்றில் ஒரு தேதி தவறியிருந்தாலும் திருத்த நேரம் இருக்காது.

தனியார் தெரபி மையம் பார்க்கும்போது

சிறப்பாசிரியர், பேச்சுப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிந்திருக்கவேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள், முறையாகப் படித்தவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பிசியோதெரபியும் ஆக்குபேஷனல் தெரபியும் அந்தக் கவுன்சிலின்கீழ் வராது, அவர்களிடம் பட்டச் சான்றைக் கேளுங்கள். அடுத்த 3 மாதத்துக்கு என்ன இலக்கு என்று எழுதித் தரவேண்டும். 'கவனம் கூடும்' என்பது இலக்கில்லை. 'டம்ளரைத் தானே எடுத்துக் குடிப்பான்' என்பது இலக்கு. பெற்றோரை உள்ளே விடாமல் கதவைச் சாத்திக்கொள்ளும் மையம் வேண்டாம். அங்கே நடக்கும் 45 நிமிடத்தை வீட்டில் நீட்டவேண்டியது நீங்கள்தான், பார்க்காமல் எப்படிச் செய்வது?

ஆட்டிசத்தைக் குணப்படுத்துகிறேன் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம் செல் ஊசி ஆட்டிசத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. லட்சக்கணக்கில் கேட்பார்கள், நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் இருக்கிறார்கள்.

நிராமயா காப்பீடு

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999, நான்கு குறைபாடுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது: ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு. இந்த அறக்கட்டளையின் நிராமயா திட்டத்தில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு திரும்பக் கிடைக்கும். முன்பரிசோதனை கிடையாது, வயது வரம்பும் கிடையாது. மற்றக் காப்பீடுகள் தொடாத தெரபிக் கட்டணத்தையும் வெளிநோயாளிச் செலவையும் இது தருகிறது என்பதுதான் இதன் சிறப்பு. ஒவ்வொரு வகைச் செலவுக்கும் உள்வரம்பு உண்டு. முதல்முறை சேர வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவருக்கு 250 ரூபாய், மற்றவருக்கு 500. புதுப்பிக்க 50, 250. அறக்கட்டளையில் பதிந்த தொண்டு நிறுவனம் வழியாகச் சேரலாம்.

பாலிசி மார்ச் 31உடன் முடியும், எந்த மாதத்தில் சேர்ந்திருந்தாலும். பிப்ரவரியில் சேர்ந்தவர் இரண்டே மாதத்தில் புதுப்பிக்கவேண்டி வரும். முடிந்தால் ஏப்ரலில் சேருங்கள். பில்லில் பிள்ளையின் பெயர், தேதி, பயிற்சியாளரின் பதிவு எண், முத்திரை நான்கும் வேண்டும். செலவு செய்த 30 நாளுக்குள் அனுப்பிவிடுங்கள். வருடம் முழுக்கப் பில் சேர்த்துவைத்து மார்ச்சில் அனுப்புபவர்களுக்குத் தள்ளுபடிக் கடிதம்தான் வருகிறது.

18 வயதாகும்போது

பெற்ற பிள்ளைக்குத் தாய் தகப்பன் பாதுகாவலர் என்று தனியே காகிதம் எதற்கு என்று தோன்றும். 18 முடிந்த அன்றே சட்டத்தின் கண்ணில் அவர் மேஜர், பெற்றோரின் கையெழுத்து அவருக்காகச் செல்லாது. வங்கி, சொத்துப் பதிவு, ஓய்வூதியம் எல்லாமே அங்கே முட்டி நிற்கும்.

மேலே சொன்ன நான்கு குறைபாடுகளுக்கு நீதிமன்றம் போகவேண்டியதில்லை. கலெக்டரைத் தலைவராகக் கொண்டு மாவட்டத்துக்கு ஓர் உள்ளூர்க் குழு இருக்கிறது. அதில் ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதியும் ஒரு மாற்றுத்திறனாளியும் உண்டு. விண்ணப்பத்தை நல அலுவலகத்தில் கொடுக்கலாம். பிள்ளையின் சான்றிதழ், வயதுச் சான்று, பாதுகாவலராக இருப்பவரின் சம்மதம், அடையாளச் சான்று, படங்கள் வேண்டும். அண்ணன் தங்கை இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று எழுதி வைத்திருப்பது நல்லது, விசாரணையில் கேட்பார்கள். குழு 3 மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது விதி. ஆகவே 17 முடிந்ததும் காகிதங்களைத் தயார் செய்துவிட்டு, 18 ஆன வாரமே கொடுத்துவிடுங்கள்.

சான்று வாங்கியதோடு வேலை முடியவில்லை. பிள்ளை பெயரில் சொத்து இருந்தால் 6 மாதத்துக்குள் அதன் பட்டியலையும், பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவையும் குழுவிடம் கொடுக்கவேண்டும். உதவித்தொகை மட்டும்தான் என்றாலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வங்கியில் 'கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க' என்று சொன்னால், இந்தக் குழுவின் சான்றை ஏற்கும்படி ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதை மேலாளரிடம் எடுத்துக் கூறுங்கள். கவுன்டரில் இருப்பவருக்கு இது தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

அப்பாவும் அம்மாவும் மட்டும் பாதுகாவலராக இருந்தால், அவர்கள் காலத்துக்குப் பிறகு மறுபடி விண்ணப்பிக்கவேண்டியிருக்கும். யார் பார்த்துக்கொள்வார் என்பதைச் சம்பந்தப்பட்டவரிடம் வாய்விட்டுப் பேசி, உயிலிலும் எழுதி வையுங்கள். கூடப்பிறந்தவர் பார்த்துக்கொள்வார் என்று அவரைக் கேட்காமலே நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள்தான் அதிகம்.

விட்டுப்போகும் சில சலுகைகள்

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பிள்ளைக்கும் துணைக்கு வருபவருக்கும் டிக்கெட் இல்லை. ரயிலில், துணையின்றிப் போகமுடியாத அறிவுசார் குறைபாடுள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பர், மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 சதவீதம் சலுகை. இதற்கு ரயில்வேயின் படிவத்தில் அரசு மருத்துவர் கையெழுத்து வேண்டும், ஊரிலிருந்து கிளம்பும் அன்று தேடினால் கிடைக்காது.

அப்பாவோ அம்மாவோ அரசு ஊழியர் என்றால் அவர்களுக்குப் பிறகு பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் வரும். பி.எஃப். ஓய்வூதியத்திலும் நிரந்தரக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இடம் உண்டு. சர்வீஸில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் குறைபாட்டையும் ஆவணத்தில் ஏற்றிவிடுங்கள். ஓய்வு பெற்ற பிறகும் செய்யலாம்தான். இருவரும் போனபின் பிள்ளைக்காக அந்தக் காகிதத்தோடு யார் அலைவார்?

இல்லம் தேடவேண்டி வந்தால்

பகல்நேரப் பராமரிப்பு மையம் முதலில், நிரந்தர இல்லம் கடைசியில். எதுவானாலும் அரசுப் பதிவுச் சான்றை நேரில் பார்க்காமல் சேர்க்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலம் பாதிக்கப்பட்டோரை வைத்திருந்த ஓர் இடத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். பதிவு, ஆய்வு என்று இன்று கேட்பதெல்லாம் வெறும் சடங்கு அல்ல.

சொல்லாமல் ஒருமுறை போய்ப் பாருங்கள், சாப்பாட்டு நேரத்தில். முதலில் கழிவறை, அடுத்து மருந்து கொடுக்கும் பதிவேடு. இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஊழியர், படுக்கும் அறை வெளியிலிருந்து பூட்டப்படுகிறதா, வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு எதில் கொண்டுபோவார்கள்? மதிய வேளையில் எல்லோருமே தூங்கிக்கொண்டிருந்தால் என்ன மாத்திரை கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். 'மாசத்துக்கு ஒரு தடவை, நாங்க சொல்ற அன்னிக்கு வாங்க' என்ற நிபந்தனை போடும் இடத்தில் விடவேண்டாம்.

எங்கும் நகராவிட்டால்

திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர் கூட்டம் நடக்கும். ஒரு மனுவில் ஒரு கோரிக்கை மட்டும் எழுதுங்கள். உதவித்தொகை, வீல்சேர், வீட்டுமனைப் பட்டா மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் அது ஏதாவது ஒரு துறைக்குப் போய் மற்ற இரண்டும் தொலையும். அட்டை எண், எந்த அலுவலகத்தில் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதை ஐந்தாறு வரியில் எழுதி, முத்திரை வாங்கிய பழைய நகலை இணைத்துவிடுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பதிவு எண் தருவார்கள், அதை வைத்துப் போனிலேயே நிலவரம் கேட்கலாம். பள்ளியோ அலுவலகமோ உரிமையையே மறுக்கிறது என்றால் சென்னையில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்குத் தபாலில் புகார் அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை.

எந்த ஊரிலும் இதையெல்லாம் ஏற்கெனவே நடந்து முடித்த நாலைந்து பெற்றோர் இருப்பார்கள். பயிற்சி மையத்தின் காத்திருப்பு பெஞ்சில் பேச்சுக் கொடுங்கள். எந்த மருத்துவர் எந்த நாள், எந்தப் பள்ளி முகம் சுளிக்காமல் சேர்க்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். அங்கே சந்தேகம் கேட்கும்போது பிள்ளையின் ஆதாரையும் சான்றிதழையும் படமெடுத்துப் போட்டுவிடாதீர்கள். தேவையென்றால் எண்ணை மறைத்து, கேட்டவருக்கு மட்டும் தனியே அனுப்புங்கள்.